மாதிரி விமானத்தில் ரேடியோ கருவிகளைப் பொருத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டகத்தை ஒட்டி, மேலே படலம் போர்த்தி, சுருக்கம் விழாமல் சிறிய இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து முடித்த மாதிரி விமானம் பார்வைக்கு முழுமை பெற்றதாகவே தோன்றும். அது பறக்குமா, பறந்த பின் சொன்னபடி கேட்குமா என்பதை, அதற்கடுத்து நாம் மேசையில் செலவிடும் இரண்டு மூன்று மாலை நேரங்களே தீர்மானிக்கின்றன. புதிதாகக் கட்டுபவர்கள் அந்த வேலையைப் பற்றி மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன.

விடைகள் குழம்பாமல் இருப்பதற்காக ஒரே ஒரு விமானத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். இறக்கை உடலுக்கு மேலே அமைந்த, பால்சா மரத்தாலான பயிற்சி விமானம் அது. இறக்கையின் நீளம் 1400 மி.மீ., அகலம் 230 மி.மீ., பறக்கும் எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியும் மின்மோட்டாரும், இறக்கையிலும் வாலிலும் உள்ள பரப்புகளை அசைக்கும் நான்கு சர்வோக்களும் கொண்டது. எரிபொருள் எஞ்சினுக்கும் ஃபோம் விமானத்துக்கும் விதி மாறும் இடங்களை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரில் குச்சியை நகர்த்துவதற்கும் வாலில் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் பரப்பு) அசைவதற்கும் இடையே என்னதான் நடக்கிறது?

குச்சியின் நிலையை டிரான்ஸ்மிட்டர் எண்ணாக மாற்றி ரேடியோ அலையில் அனுப்புகிறது. விமானத்திலுள்ள ரிசீவர் அதைப் பெற்று, ஒவ்வொரு சேனலுக்கும் (கட்டளை வழிக்கும்) தனித்தனி மின்துடிப்புகளாக வெளியிடுகிறது. வழக்கமான சர்வோவுக்கு இத்துடிப்பு 20 மில்லி விநாடிக்கு ஒரு முறை போய்ச் சேரும். துடிப்பின் நீளம் 1.5 மில்லி விநாடியாக இருந்தால் சர்வோவின் கை நடுவில் நிற்கும். 1 மில்லி விநாடியாகக் குறுகினால் ஒரு கோடிக்கும், 2 மில்லி விநாடியாக நீண்டால் மறுகோடிக்கும் திரும்பும். சர்வோவுக்குள் ஒரு சிறு மோட்டாரும், பற்சக்கரங்களும், கை எங்கே நிற்கிறது என்று அளந்து சொல்லும் ஓர் உறுப்பும் இருக்கின்றன. கேட்ட இடத்தைக் கை அடையும்வரை அந்த மோட்டார் விடாமல் முயலும்.

இந்த விடாமுயற்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் விடைகளில் பாதிக்கு அதுவே காரணம். சர்வோவைப் பரப்போடு இணைக்கும் கம்பி எங்காவது உரசி, கேட்ட இடத்தைச் சர்வோவால் எட்ட முடியாமல் போனால், அது சோர்ந்து நின்றுவிடுவதில்லை. மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இழுப்பு அளவு மீறினால் வோல்டேஜ் சரியும். வோல்டேஜ் சரிந்தால் ரிசீவர் அணைந்து மறுபடி உயிர்பெறும். அந்தச் சில நொடிகளுக்குள் விமானம் தரைக்கு வந்துவிடும். களத்தில் "சிக்னல் போய்விட்டது" என்று சொல்லப்பட்ட சில விபத்துகளில், உடைந்த விமானத்தைத் திறந்து பார்த்தபோது வாலுக்குப் போகும் கம்பி துளையின் ஓரத்தில் உரசிக்கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன். சர்வோ காற்றோடு மட்டுமே போராட வேண்டும். மரத்தோடும் கம்பியோடும் கீலோடும் போராடக் கூடாது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல விரும்புவதன் சாரம் இதுதான்.

கருவிகளை உடனே விமானத்துக்குள் வைத்து ஒட்டத் தொடங்கலாமா?

வேண்டாம். முதலில் எல்லாவற்றையும் மேசையின் மேல் பரப்பி இணைத்துப் பாருங்கள். ரிசீவரை டிரான்ஸ்மிட்டருடன் பைண்ட் செய்யுங்கள், அதாவது இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும்படி இணையுங்கள். நான்கு சர்வோக்களும் தடையின்றி, கரகரவென்ற ஒலி இல்லாமல் முழுத் தூரமும் திரும்புகின்றனவா என்று பாருங்கள். எல்லா டிரிம்களையும் (நடுநிலையைச் சற்றே நகர்த்தும் பொத்தான்களை) நடுவில் வைத்து, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சர்வோ கைகளை மாட்டுங்கள். மின்சாரம் இல்லாத சர்வோவின் நடுநிலை எதுவென்று கண்ணால் சொல்ல முடியாது.

இந்தக் கட்டத்தில் புரொப்பெல்லர் மோட்டாரில் இருக்கவே கூடாது. சுழலும் புரொப்பெல்லர் விரலை எலும்புவரை அறுக்கும். எல்லா வேலையும் முடிந்து களத்துக்குப் போன பிறகே அதை மாட்ட வேண்டும் என்று வழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்.

சர்வோவை ரிசீவரோடு இணைக்கும் மின்கம்பிகளின் நிறமும் பலரைக் குழப்புகிறது. ஜேஆர் வகையில் பழுப்பு நெகடிவ், சிவப்பு பாசிட்டிவ், ஆரஞ்சு சிக்னல். ஃபுட்டாபா வகையில் முறையே கறுப்பு, சிவப்பு, வெள்ளை. இரண்டிலும் சிவப்பு நடுவில்தான் வரும். சேனல் வரிசையிலும் வேறுபாடு உண்டு. ஃபுட்டாபா, ஃபிளைஸ்கை ரிசீவர்களில் 1 ஏலரான் (இறக்கையில் உள்ள, விமானத்தைச் சாய்க்கும் பரப்பு), 2 எலிவேட்டர், 3 த்ராட்டில் (மோட்டாரின் வேகம்), 4 ரடர் (வாலில் உள்ள, மூக்கை இடம் வலம் திருப்பும் பரப்பு). ஸ்பெக்ட்ரம் வகையில் த்ராட்டில் முதலிலும், அடுத்து ஏலரான், எலிவேட்டர், ரடர் என்ற வரிசையிலும் வரும். ஒரு நிறுவனத்தின் ரிசீவரில் பழகியவர் இன்னொன்றுக்கு மாறும்போது இந்த இடத்தில்தான் தவறுகிறார்.

எந்தக் கருவியை எந்த இடத்தில் வைப்பது?

இதை முடிவு செய்வது எடைச் சமநிலை. நம் விமானத்தில் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தின் 25 முதல் 30 விழுக்காட்டுக்குள், அதாவது ஏறத்தாழ 58 முதல் 69 மி.மீ. தொலைவில், எடை மையம் விழ வேண்டும். கட்டுமான வரைபடம் வேறோர் எண்ணைக் கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். மூக்கு சற்றுக் கனமான விமானம் மந்தமாகப் பறக்கும். வால் கனமான விமானமோ பெரும்பாலும் முதல் பறத்தலையே தாண்டாது.

ஆகவே எதையும் நிரந்தரமாகப் பொருத்துவதற்கு முன் சர்வோக்கள், ரிசீவர், ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்று), பேட்டரி எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் காகித டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, இறக்கையை மாட்டி, இரு விரல் நுனிகளில் விமானத்தைத் தாங்கிப் பாருங்கள். நகர்த்தக்கூடிய பொருள்களிலேயே கனமானது பேட்டரிதான்; அதை முன்னும் பின்னும் 3 செ.மீ. தள்ளி வைக்க இடம் விட்டுவிட்டு மற்றவற்றை அமைத்தால், பிறகு ஈயம் வைத்துச் சரிக்கட்ட வேண்டிய நிலை பெரும்பாலும் வராது. வால் பகுதியில் சேரும் ஒவ்வொரு கிராமையும் கணக்கில் கொள்ளுங்கள். எடை மையத்திலிருந்து 700 மி.மீ. பின்னால் 20 கிராம் கூடினால், 250 மி.மீ. முன்னால் உள்ள மூக்கில் அதை ஈடுகட்ட 56 கிராம் வேண்டியிருக்கும். எலிவேட்டர், ரடர் சர்வோக்களை வாலருகே வைக்காமல் இறக்கைக்குக் கீழே வைத்து, நீளக் கம்பியால் வாலோடு இணைப்பது இதனால்தான்.

சர்வோவின் மேல் எழுதியிருக்கும் "கிலோ-செ.மீ." என்ற அளவு எதைக் குறிக்கிறது? நமக்கு எவ்வளவு வேண்டும்?

1.8 கிலோ-செ.மீ. என்றால், அச்சிலிருந்து 1 செ.மீ. தொலைவிலுள்ள துளையில் அந்தச் சர்வோ 1.8 கிலோ எடையை இழுத்து நிறுத்தும் என்று பொருள். அதே சர்வோ 2 செ.மீ. தொலைவில் 0.9 கிலோவை மட்டுமே நிறுத்தும். கை நீண்டால் அசைவின் தூரம் கூடும், வலிமை குறையும்.

கடைகளில் கிடைக்கும் நீல நிற 9 கிராம் சர்வோ ஏறத்தாழ இந்த அளவு வலிமையுடையது. ஒரு கிலோவுக்கு உட்பட்ட ஃபோம் விமானத்துக்கு அது போதும். ஒன்றரைக் கிலோ விமானத்துக்கு, உலோகப் பற்சக்கரம் உடைய 12 முதல் 17 கிராம் எடையுள்ள சர்வோவையே நான் பரிந்துரைக்கிறேன். நைலான் பற்சக்கரம் ஒரு முரட்டுத் தரையிறக்கத்தில் பல் இழந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு பரப்பையும் விரலால் மெல்ல நகர்த்திப் பார்த்தால், பல் உடைந்த இடத்தில் ஒரு சிறு "டக்" உணரப்படும்.

சர்வோவை மரத்தில் எப்படிப் பொருத்த வேண்டும்?

பெரிய சர்வோக்களுடன் ஒரு சிறு பையில் ரப்பர் வளையங்களும் பித்தளைக் குழல்களும் வரும். அவற்றைப் பலர் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். எஞ்சின் விமானத்தில் அது பெருந்தவறு. ரப்பர் வளையத்தைச் சர்வோவின் பக்கவாட்டில் நீண்டிருக்கும் காதிலுள்ள பள்ளத்தில் செருகுங்கள். பித்தளைக் குழலைக் கீழிருந்து மேலாக, அதன் அகன்ற விளிம்பு மரத்தைத் தொடும்படி அந்த வளையத்துக்குள் நுழைக்க வேண்டும். இப்படி வைத்தால், திருகை முடுக்கும்போது அதன் தலை குழலின் மேல்முனையில் வந்து நின்றுவிடும், ரப்பர் நசுங்காது. குழல் இல்லாமல் முடுக்கினால் ரப்பர் தட்டையாகிக் கல்போல இறுகி, அதிர்வு முழுவதும் நேராகச் சர்வோவுக்குள் இறங்கும்.

சர்வோ உட்காரும் சட்டம் ப்ளைவுட்டாகவோ கடின மரமாகவோ இருக்க வேண்டும். பால்சாவில் திருகு நிற்காது. சர்வோவின் உடலுக்கும் சட்டத்துக்கும் இடையே எல்லாப் பக்கத்திலும் 1 மி.மீ. இடைவெளி விடுங்கள். திருகுக்கு முன்னதாகவே மெல்லிய துளையிட்டு, திருகை ஒரு முறை முழுவதும் முடுக்கிக் கழற்றி, அத்துளையில் ஃபெவிக்விக் போன்ற நீர்த்த பசையை ஒரே ஒரு சொட்டு விட்டு, நன்றாக உலர்ந்த பின் மீண்டும் முடுக்குங்கள். மரத்தில் பதிந்த மரை பசையில் ஊறி இறுகிவிடும். நான்கைந்து முறை கழற்றி மாட்டினாலும் தளராது. பசை உலர்வதற்கு முன் திருகைப் போட்டால் அது நிரந்தரமாக அங்கேயே தங்கிவிடும் என்பதால் பொறுமை தேவை.

ஃபோம் விமானத்தில் க்ளூ கன் பசையால் ஒட்டினால் போதாதா?

மாலையில் வீட்டருகே பறப்பதற்குப் போதும். ஆனால் சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் இரண்டு மணி நேரம் கிடந்த விமானத்தில் அந்தப் பசை இளகிவிடும். சர்வோ கழன்று விழாது. தன் இடத்தில் லேசாக ஆடத் தொடங்கும், அதுதான் ஆபத்து. சர்வோவின் காதுகளுக்கு அடியில் இரண்டு சிறு ப்ளைவுட் துண்டுகளை எப்பாக்சியால் ஃபோமில் பதித்து, அவற்றில் திருகால் முடுக்கிவிடுங்கள். கூடும் எடை மூன்று கிராமைத் தாண்டாது.

புஷ்ராடு (சர்வோவையும் பரப்பையும் இணைக்கும் கம்பி) சரியாக அமைந்திருக்கிறதா என்று எப்படி அறிவது?

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். சர்வோ கையிலிருந்து கம்பியைக் கழற்றிவிட்டு, அதன் முனையை இரு விரல்களால் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். எலிவேட்டர் தன் எடையாலேயே கீழே சரியும் அளவுக்கு அசைவு இலகுவாக இருக்க வேண்டும். எங்காவது தடை தட்டினால், அதைச் சர்வோவின் வலிமை சமாளித்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். தடை நான்கு இடங்களில் ஒன்றில்தான் இருக்கும்: பசை வழிந்து இறுகிய கீலில், கம்பி வெளியே வரும் துளையின் ஓரத்தில், கூர்மையாக வளைந்துபோன நைலான் குழாயில், அல்லது ஹார்னின் (பரப்பில் கம்பியை மாட்டும் சிறு கொம்பின்) துளைக்குள் இறுக்கமாக நுழைந்த வளைந்த முனையில். ஒவ்வொன்றாகப் பிரித்து, தடை எங்கே என்று கண்டறிந்து நீக்குங்கள்.

தடையின்மை வேண்டும் என்பதற்காகத் துளையைப் பெரிதாக்கிவிடவும் கூடாது. 2 மி.மீ. கம்பிக்கு 2 மி.மீ. துளையே போதும். இணைப்பில் ஆட்டம் இருந்தால், வேகமாக இறங்கும்போது பரப்பு தானாகவே படபடவென்று அடித்துக்கொள்ளும். இந்த ஃப்ளட்டர் தொடங்கிவிட்டால் ஓரிரு நொடிகளில் கீல்களைக் கிழித்துவிடும். சர்வோவை இயக்கி வைத்து, எலிவேட்டரின் பின்விளிம்பை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். 1 மி.மீ.க்கு மேல் ஆடினால் எந்த இணைப்பில் ஆட்டம் என்று தேட வேண்டும்.

நீளக் கம்பிகளில் இன்னொரு குறையும் வரும். இழுக்கும்போது நேராக நிற்கும் கம்பி, தள்ளும்போது நடுவில் வில்லாக வளையும். மேசையில் எலிவேட்டர் சரியாகவே அசையும்; காற்றின் விசை சேரும்போது சர்வோ தள்ளியும் எலிவேட்டர் அசையாமல் கம்பி மட்டும் வளைந்துகொடுக்கும். ஒரு கையால் எலிவேட்டரை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு, குச்சியை மெல்ல நகர்த்தி, உடலுக்குள் எட்டிப் பாருங்கள். கம்பி வளைந்தால், அது ஓடும் குழாயை நடுவில் இரண்டு மூன்று இடங்களில் பால்சா துண்டுகளால் உடலோடு தாங்கி ஒட்டுங்கள். குழாயின் இரு முனைகளும் ஒட்டப்பட்டிருப்பது மட்டும் போதாது.

கம்பியின் முனையில் கிளெவிஸ் (ஹார்னைக் கவ்வும் சிறு கொக்கி) பயன்படுத்தினால், அதன் மேல் ஒரு சிறு சிலிக்கான் குழாய் வளையத்தைப் போட்டு வாய் திறந்துகொள்ளாமல் பூட்டுங்கள். எரிபொருள் குழாயில் 5 மி.மீ. வெட்டி எடுத்தால் அதுவே போதும்.

சர்வோ கையிலும் ஹார்னிலும் பல துளைகள் இருக்கின்றன, எதில் மாட்டுவது?

சர்வோ கையில் உள்துளை, ஹார்னில் வெளித்துளை என்று தொடங்குங்கள். இந்த அமைப்பில் அசைவு குறைவாகவும் வலிமை மிகுதியாகவும் இருக்கும். இணைப்பில் எஞ்சியுள்ள சிறு ஆட்டமும் பரப்பில் குறைவாகவே தெரியும். அசைவு போதாவிட்டால் ஒரு துளை மாற்றிப் பாருங்கள். வெளித்துளையில் மாட்டிவிட்டு டிரான்ஸ்மிட்டரில் அசைவை 50 விழுக்காடாகக் குறைப்பது தவறான வழி. சர்வோவின் நுணுக்கத்திலும் வலிமையிலும் பாதியை அது வீணாக்குகிறது.

நடுநிலையில் சர்வோ கையும் கம்பியும் செங்கோணத்தில் நிற்க வேண்டும். கையைச் சர்வோ அச்சின் பற்களில் மாட்டும்போது அது சரியாக 90 பாகையில் உட்காராமல் சற்றுச் சாய்ந்தே நிற்கலாம். நான்கு கைகள் உள்ள சிலுவை வடிவத் துண்டை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி மாட்டிப் பாருங்கள். ஏதாவது ஒரு கை செங்கோணத்துக்கு மிக நெருங்கி நிற்கும். அதை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் வெட்டிவிடலாம். மீதமுள்ள சிறு சாய்வை மட்டும் டிரான்ஸ்மிட்டரிலுள்ள சப்டிரிம் அமைப்பால் சரிசெய்யுங்கள்.

ஹார்னின் துளைகள் கீலின் கோட்டுக்கு நேர் மேலே (அல்லது நேர் கீழே) அமைய வேண்டும். ஹார்ன் 4 மி.மீ. பின்னால் தள்ளிப் பொருத்தப்பட்டாலே, மேல்நோக்கிய அசைவும் கீழ்நோக்கிய அசைவும் சமமாக இராது. எலிவேட்டரில் இதை விமானி உடனே உணர்வார்.

அசைவின் அளவை வரைபடம் குறிப்பிடாவிட்டால், பயிற்சி விமானத்தின் ஏலரானுக்கும் எலிவேட்டருக்கும் பின்விளிம்பில் இரு பக்கமும் 10 முதல் 12 மி.மீ., ரடருக்கு 20 முதல் 25 மி.மீ. என்று தொடங்கலாம்.

ஏலரானுக்கு ஒரு சர்வோ போதுமா, இரண்டு வேண்டுமா?

பழைய பயிற்சி விமானங்களில் இறக்கையின் நடுவில் ஒரே சர்வோ இருந்து இரு பக்கமும் கம்பியால் இழுத்தது. இப்போதும் அது நன்றாகவே வேலை செய்யும். இரண்டு வைத்தால் கம்பிகள் குட்டையாகும். ஒன்று பழுதானாலும் மற்றொன்றை வைத்து இறக்கிவிட வாய்ப்புண்டு. இரண்டையும் ஒய் கேபிளால் (Y வடிவில் இரண்டாகப் பிரியும் கேபிளால்) ஒரே சேனலில் இணைப்பதானால், கண்ணாடியில் பார்ப்பது போல ஒன்றுக்கொன்று எதிராகப் பொருத்துங்கள். இல்லையேல் இரு ஏலரான்களும் சேர்ந்தே எழும். தனித்தனிச் சேனலில் இணைத்தால் மேலே 12 மி.மீ., கீழே 8 மி.மீ. என்று வேறுபடுத்திவைக்கலாம். கீழே இறங்கும் ஏலரான் மிகுதியாக இழுத்து மூக்கை எதிர்ப்பக்கம் திருப்புவதை இது குறைக்கும்.

ரிசீவருக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? ஈஎஸ்சியில் உள்ள பிஇசியை (வோல்டேஜைக் குறைத்து ரிசீவருக்குத் தரும் பகுதியை) நம்பலாமா?

மின்விமானத்தில் பெரிய பேட்டரி ஒன்றே மோட்டாருக்கும் ரிசீவருக்கும் உயிர் கொடுக்கிறது. முழுதாக நிரம்பிய மூன்று செல் லிப்போவில் 12.6 வோல்ட் இருக்கும். ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் வேண்டியது 5 வோல்ட். இடையிலுள்ள 7.6 வோல்ட்டை என்ன செய்வது என்பதில்தான் இரண்டு வகைப் பிஇசிகளும் பிரிகின்றன.

லீனியர் வகை அந்த மிச்சத்தை வெப்பமாக்கி வெளியே விடுகிறது. சர்வோக்கள் சேர்ந்து 1 ஆம்பியர் இழுத்தால் 7.6 வாட் வெப்பம் பிறக்கும். 25 வாட் சால்டரிங் அயனின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமான வெப்பம், காற்றோட்டம் குறைந்த பெட்டிக்குள், விரலகல மின்சுற்றுத் தகட்டின் மேல்! அளவு மீறிச் சூடேறினால் பிஇசி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். கூடவே ரிசீவரும் அணையும். உரசும் ஒரு கம்பியால் ஒரு சர்வோ மட்டும் இடைவிடாமல் அரை ஆம்பியர் இழுத்தால் என்ன ஆகும் என்பதை இங்கே பொருத்திப் பாருங்கள். மூன்று செல்லும் நான்கு சிறு சர்வோவும் என்ற அளவுக்கு மேல் லீனியர் பிஇசியை நான் நம்புவதில்லை.

ஸ்விட்சிங் வகை மின்சாரத்தை அதிவேகமாக வெட்டி வெட்டி இறக்குவதால் வெப்பம் மிகக் குறைவு. நான்கு செல்லுக்கும், பெரிய சர்வோக்களுக்கும் இதுவே தகும். தனியாக வாங்கிப் பொருத்துவதானால், ஈஎஸ்சியிலிருந்து ரிசீவருக்கு வரும் மூன்று கம்பிகளில் சிவப்பை விலக்கிவிட வேண்டும். இரண்டு பிஇசிகள் ஒரே நேரத்தில் ரிசீவருக்கு மின்சாரம் தரக் கூடாது. சிவப்புக் கம்பியை வெட்ட வேண்டியதில்லை. பிளக்கின் நடுவிலுள்ள சிறு பிளாஸ்டிக் நாக்கை ஊசி முனையால் லேசாக உயர்த்தி, கம்பியை மெல்ல இழுத்தால் உலோகப் பின்னோடு வெளியே வந்துவிடும். அதைப் பின்பக்கமாக மடக்கி, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடிவிடுங்கள். நாளை வேறு விமானத்துக்கு வேண்டுமென்றால் திரும்பச் செருகிக்கொள்ளலாம்.

இதன்பின் ஒரு சோதனை உண்டு. மல்டிமீட்டரை ரிசீவரின் காலியான ஒரு சேனலில் இணைத்துக்கொண்டு, இரு குச்சிகளையும் எல்லாத் திசையிலும் வேகமாகச் சுழற்றுங்கள். 5 வோல்ட் 4.8 வரை இறங்கினால் கவலையில்லை. 4.5-க்குக் கீழே போனால் பறக்கவிடாதீர்கள். மீட்டர் காட்டும் எண் சராசரிதான். அதன் கண்ணுக்குப் படாத நொடிப்பொழுதுச் சரிவுகள் இன்னும் ஆழமாக இருக்கும். பல ரிசீவர்கள் 3.5 வோல்ட் அளவில் நின்றுவிடுகின்றன.

ஈஎஸ்சியைப் பொருத்துவதில் கவனிக்க வேண்டியவை எவை?

காற்று படும் இடத்தில் வையுங்கள். காற்று உள்ளே வரும் துளையைவிட வெளியேறும் துளை பெரிதாக இருக்கட்டும். ரிசீவரிலிருந்து முடிந்தவரை விலக்கி வையுங்கள். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் ஈஎஸ்சியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளில் ஏதாவது இரண்டை மாற்றி இணைத்தால் போதும். த்ராட்டில் அளவீட்டை ஒரு முறை செய்துவிட வேண்டும்: குச்சியை முழுதாக உயர்த்தி வைத்துப் பேட்டரியை இணைத்து, ஒலி கேட்டதும் கீழே இறக்குவது வழக்கமான முறை.

ஆன்டெனாவை எங்கே, எப்படி வைக்க வேண்டும்?

முன்பு 35, 72 மெகாஹெர்ட்ஸ் ரேடியோக்கள் இருந்த காலத்தில், ரிசீவரிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளக் கம்பி வெளியே வந்து வாலின் உச்சிவரை நீளும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 செ.மீ. மட்டுமே. ஆகவே அலையைப் பிடிக்கும் பகுதியும் அதன் கால்பங்கான 31 மி.மீ. தான். மெல்லிய கருப்புக் கம்பியின் கடைசியில், உறை உரிக்கப்பட்டு, சற்று ஒல்லியாகத் தெரிகிறதே அந்த நுனி, அதுவே ஆன்டெனா. அதற்கு முன்னுள்ள நீளம் வெறும் இணைப்புக் கேபிள். அந்த நுனியை வெட்டுவதோ மடக்குவதோ சுருட்டுவதோ கூடாது.

நுனி எந்தத் திசையை நோக்கி நீள்கிறதோ அத்திசையில் அதன் ஏற்புத் திறன் மிகக் குறைவு. எனவே இரண்டு ஆன்டெனாக்கள் உள்ள ரிசீவரில் ஒன்றை நெடுக்காகவும் மற்றொன்றை அதற்குச் செங்குத்தாகவும் வையுங்கள். விமானம் எப்படிப் புரண்டாலும் ஒன்றாவது நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலைத் துண்டாக்கி உடலின் உட்சுவரில் ஒட்டி, அதற்குள் நுனியைச் செருகிவிடுவது எளிய வழி. பால்சாவும் ஃபோமும் அலையைத் தடுப்பதில்லை. கார்பன் ஃபைபர் தடுக்கும். பேட்டரியும் உலோகமும் அப்படியே. கார்பன் குழாயை ஒட்டியே ஆன்டெனாவைப் படுக்க வைத்தவர்களின் விமானங்கள் மேசையில் நன்றாகவும் தொலைவில் தடுமாற்றத்தோடும் இயங்கும்.

எரிபொருள் எஞ்சின் என்றால் என்ன மாறும்?

அதிர்வும் எண்ணெயும் வந்து சேரும். ரிசீவரை மென்மையான ஸ்பாஞ்சில் தளர்வாகச் சுற்றுங்கள். ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டினால் ஸ்பாஞ்சு வைத்ததன் பயனே இல்லை. ரிசீவருக்குத் தனியாக நான்கு செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி, அதாவது 4.8 வோல்ட், வைப்பார்கள். பேட்டரியை எரிபொருள் தொட்டிக்குப் பின்னாலோ கீழோ வைத்து, அதையும் ஸ்பாஞ்சில் பொதியுங்கள். ஸ்விட்சை எஞ்சின் புகை படாத பக்கத்தில் பொருத்துங்கள். கார்புரேட்டரின் உலோகக் கையில் உலோகக் கிளெவிஸை மாட்டாமல் நைலான் கிளெவிஸை மாட்டுங்கள். உலோகத்தோடு உலோகம் அதிர்ந்து உரசினால் ரேடியோ இரைச்சல் எழும். பழைய ரேடியோக்களை இது மிகவும் பாதித்தது, 2.4 கிகாஹெர்ட்ஸில் பாதிப்பு குறைவு என்றாலும் தேய்மானமாவது மிச்சமாகும்.

பரப்புகள் சரியான திசையில் அசைகின்றனவா என்று எப்படி உறுதி செய்வது?

விமானத்தின் பின்னால், வாலைப் பார்த்தபடி நின்று சோதிக்க வேண்டும். முன்னால் நின்று பார்த்தால் இடமும் வலமும் மனத்தில் மாறிவிடும். ஏலரான் குச்சியின் மேல் கட்டைவிரலை நேராக நிமிர்த்தி வைத்துக்கொண்டு குச்சியை வலப்பக்கம் தள்ளுங்கள். விரல் எந்தப் பக்கம் போய் மேலே நோக்கி நிற்கிறதோ, அந்தப் பக்கத்து ஏலரான் மேலே எழ வேண்டும். எலிவேட்டர் குச்சியை உங்களை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். ரடர் குச்சி வலம் போனால் ரடரும் வலம் போக வேண்டும்.

இதை ஒவ்வொரு பறத்தலுக்கு முன்பும் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓராண்டு பறந்த என் விமானம் ஒன்றில் ஏலரான் சர்வோவை மட்டும் ஒருநாள் மாற்றினேன். புதிய சர்வோ வேறு வகை. எதிர்த்திசையில் சுற்றும் என்பதை நான் கவனிக்கவில்லை. களத்தில் குச்சியை அசைத்தேன், ஏலரான் அசைந்தது, அத்தோடு திருப்தியடைந்துவிட்டேன். எந்தப் பக்கம் அசைந்தது என்று பார்க்கவில்லை. தரையை விட்டு எழுந்ததும் இடப்பக்கம் சற்றே சாய்ந்தது. நிமிர்த்துவதற்காக வலப்பக்கம் தள்ளினேன், மேலும் சாய்ந்தது, இன்னும் தள்ளினேன். நான்கு நொடிகூட ஆகியிருக்காது. இறக்கையின் நடுச்சட்டம் இரண்டாக முறிந்தது. அசைவதைப் பார்ப்பது வேறு, திசையைப் பார்ப்பது வேறு என்பதை அன்று முதல் புதியவர்களுக்கு வற்புறுத்திச் சொல்லிவருகிறேன்.

ஃபெயில்சேஃப் என்பது என்ன? அமைக்காவிட்டால் என்ன ஆகும்?

தொடர்பு அறுந்தால் ரிசீவர் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பதே ஃபெயில்சேஃப். அமைக்காவிட்டால், சில ரிசீவர்கள் கடைசியாகப் பெற்ற கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். முழு த்ராட்டிலில் தொடர்பு போனால், விமானம் முழு வேகத்தில் கண்காணாத் தொலைவுக்கோ மனிதர்கள் நிற்கும் இடத்துக்கோ போகலாம். மின்விமானத்தில் மோட்டார் நிற்கும்படியும், எஞ்சின் விமானத்தில் மெதுவோட்டத்துக்கு இறங்கும்படியும் அமையுங்கள். பிறகு புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, த்ராட்டிலைக் கால்பங்கு உயர்த்தி, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். மோட்டார் நிற்க வேண்டும். மீண்டும் பைண்ட் செய்யும்போது இந்த அமைப்பு மாறிவிடக்கூடும். ஆகவே பைண்ட் செய்த ஒவ்வொரு முறையும் சோதிப்பது அவசியம்.

இந்த ஒரு சோதனையைத் தவிர மற்ற எல்லா நேரங்களிலும் டிரான்ஸ்மிட்டரை முதலில் போட்டு, கடைசியில் அணையுங்கள்.

களத்தில் தொலைவுச் சோதனை எப்படிச் செய்வது?

டிரான்ஸ்மிட்டரில் தொலைவுச் சோதனைக்கென்று ஒரு நிலை இருக்கும். அது அலையின் வலிமையைக் குறைத்துவிடும். ஒருவர் விமானத்தைப் பின்னாலிருந்து உறுதியாகப் பிடித்துக்கொள்ள, நீங்கள் சுமார் 30 மீட்டர் நடந்து சென்று பரப்புகளை அசையுங்கள். கையேட்டில் வேறு தொலைவு கொடுத்திருந்தால் அதுவே அளவு. முதலில் மோட்டார் ஓடாமலும், அடுத்து ஓடும்போதும் செய்ய வேண்டும். மோட்டார் ஓடும்போது மட்டும் சர்வோக்கள் துடித்தால், ஈஎஸ்சிக்கும் ரிசீவருக்கும் இடையிலுள்ள தூரத்தையும் கம்பிகள் போகும் வழியையும் மாற்றிப் பாருங்கள். துடிப்புக்குக் காரணம் தெரியாமல் பறக்கவிட வேண்டாம்.

முதல் பறத்தலுக்குப் பிறகு எதைப் பார்க்க வேண்டும்?

இறங்கியதும் பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு சர்வோவையும் விரலால் தொட்டுப் பாருங்கள். மூன்று இளஞ்சூட்டில் இருக்க ஒன்று மட்டும் சுட்டால், அந்தக் கம்பியில் உரசல் எஞ்சியிருக்கிறது. பேட்டரியைக் கழற்றிய பின் சர்வோ கைகளின் நடுத்திருகுகள், கிளெவிஸ் வளையங்கள், ஹார்ன் திருகுகள் ஆகியவற்றைச் சரிபாருங்கள். புதிய மரமும் புதிய திருகும் முதல் பறத்தலில் ஒன்றோடொன்று பழகிச் சற்றுத் தளர்வது இயல்பு.

பறக்கும்போது எலிவேட்டருக்கு ஆறேழு கிளிக் டிரிம் கொடுக்க வேண்டியிருந்திருந்தால், அந்த நிலையில் எலிவேட்டர் எங்கே நிற்கிறது என்று வாலில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். டிரிம்மை நடுவுக்குக் கொண்டுவந்து, எலிவேட்டர் மீண்டும் அந்தக் கோட்டுக்கு வரும்வரை கிளெவிஸைக் கம்பியில் அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருகுங்கள்.